திருப்புளி யார் கையில்?

கொல்லிமலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆசையாக எண்ணிக்கொண்டு ஏறுகிறார்கள். நாமோ வீட்டில் ஒரு பொருள் பழுதானால் அதே வளைவுகளை எண்ணிக்கொண்டு இறங்குகிறோம். வானொலிப் பெட்டி, மிக்சி, தண்ணீர் மோட்டார் என்று முன்பு இறங்கியவை பல. இப்போது அந்த வரிசையில் மடிக்கணினியும் சேர்ந்துவிட்டது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படித்தவர்கள் வழியாக அது நம் மலைக்கும் ஏறி வந்தது. பெற்றுக்கொண்ட அக்காமார் படித்து முடித்துத் திருமணமாகிப் போய்விட்டார்கள். பெட்டி மட்டும் பரணில் மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. "அது செத்துப்போச்சு டீச்சர்" என்கிறார்கள் மாணவிகள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "பொத்தானை அமுக்கினா எரியல" என்பதே பதில். நாடி பார்க்காமலே சாவுச் சீட்டு எழுதுவது போன்றதன்றோ இது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மடிக்கணினி ஒருநாள் எரியவில்லை. விடுப்பு எடுத்து, பேருந்தேறி, கீழே ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என் சார்ஜரையே செருகிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சும்மா" என்று பெருந்தொகை ஒன்றைச் சொன்னார். திரும்பி வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து உடன் பணிபுரியும் ஆசிரியை தம்முடைய சார்ஜரைப் பொருத்தினார், விளக்கு எரிந்தது! என் சார்ஜரின் கம்பி பைக்குள் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருந்தது. வேறு சார்ஜரைப் பொருத்திப் பாருங்கள் என்று சொல்ல அன்று எனக்கும் தெரியவில்லையே. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். மடிக்கணினிக்கு முதல் வைத்தியம் வீட்டிலேயே நடக்க வேண்டும். அதை நம் பெண்பிள்ளைகளே செய்ய வேண்டும்.

எரியவில்லையா? முதலில் சுவர்ப் பிளக்கில் கைப்பேசியைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அதே வோல்ட் அளவும் அதே முனையும் கொண்ட வேறொரு சார்ஜரைக் கடன் வாங்குங்கள். அதன் ஆம்பியர் அளவு குறையக் கூடாது, கூடினால் தீங்கில்லை. அப்போதும் எரியாவிட்டால் சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரியையும் கழற்றி (பழைய மாதிரிகளில் அடியில் உள்ள தாழ்ப்பாளைத் தள்ளினால் வந்துவிடும்) பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பின்பு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகுங்கள். இதிலேயே உயிர் பெற்றவற்றை நான் கண்டிருக்கிறேன்.

விளக்கு எரிந்தும் திரை இருட்டாக இருந்தால் டார்ச் விளக்கைத் திரையின்மேல் சாய்த்து அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னுள்ள ஒளி மட்டுமே போயிருக்கிறது. ஒன்றும் தெரியாமல் 'பீப்' என்று கத்தினால் நினைவகச் சில்லைச் சந்தேகிக்கலாம். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர் நம்முடையது. அந்த ஈரத்தில் சில்லின் பொன்னிறப் பற்கள் மங்கிவிடும். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றியபின், ஓர் இரும்புப் பொருளைத் தொட்டுவிட்டு, சில்லை எடுத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து, சாய்வாகச் செருகிக் 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். கழற்றும் திருகாணிகளை ஒரு தாளில் படம் போட்டு அந்தந்த இடத்தில் ஒட்டிவையுங்கள். குட்டை ஆணியின் துளையில் நெட்டை ஆணியை முடுக்கினால் போர்டு உண்மையாகவே போய்விடும்.

ஒவ்வொரு நாளும் தேதி பழைய ஆண்டுக்கே ஓடுகிறதென்றால் வைரஸ் என்று அலற வேண்டாம். உள்ளே நாணயம் போல ஒரு சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறினால் இணையப் பக்கங்களும் திறக்க மறுக்கும். இந்தச் சிறு பேட்டரிக்காகக் கணினியையே பரணில் ஏற்றியவர்கள் உண்டு. சூடேறி அணைந்தால் மின்விசிறியில் தூசி. மெத்தைமேல் வைத்து வேலை செய்ததன் பலன். தேநீர் கொட்டிவிட்டால் உடனே அணைத்து, கழற்றக்கூடியதைக் கழற்றி, கூடாரம் போலக் கவிழ்த்து இரண்டு நாள் உலர்த்துங்கள். அரிசிப் பானையில் புதைப்பதால் அரிசித் தூள் உள்ளே புகுவதுதான் மிச்சம்.

கை வைக்கக் கூடாதவையும் உண்டு. விசைப்பலகை மேலெழும்பி வீங்கினால் அது பேட்டரியின் வீக்கம். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். குத்தினால் தீப்பற்றும், குப்பையிலும் எறியக் கூடாது. வட்டு 'டக் டக்' என்று தட்டினால், பாடக் குறிப்புகளையும் படங்களையும் முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். போர்டில் பற்றவைக்கும் வேலை கடைக்காரருடையதே.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்? ஷாக் அடிக்கும்" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட் சார்ஜருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஆகையால் சார்ஜரை மட்டும் ஒருநாளும் திறக்கக் கூடாது. அதிலிருந்து கணினிக்கு வருவது பெரும்பாலும் 19, 20 வோல்ட்தான். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை நம்பி மகளிடம் விடுகிற நாம் இதற்கு அஞ்சுவானேன்? அண்ணன் எதையாவது கழற்றிக் கெடுத்தால் 'ஆர்வம்' என்கிறோம். தங்கை கழற்றினால் 'வேண்டாத வேலை' என்கிறோம். இந்த வழக்கம்தான் எனக்கு மடிக்கணினிப் பழுதைவிடப் பெரிய பழுதாகத் தோன்றுகிறது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. லெனோவோ, டெல், எச்.பி. நிறுவனங்கள் பல மாதிரிகளுக்குக் கழற்றிப் பூட்டும் கையேடுகளை இலவசமாக வெளியிட்டுள்ளன. படிக்க ஆள்தான் வேண்டும்.

சகோதரிகளிடம் ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலையும், அலமாரியில் கிடக்கும் நம் பழைய கணினிகளையும் எங்களிடம் விடுங்கள். திருப்புளித் தொகுப்பு ஒன்று போதும். நாமக்கல் போய்வரும் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் சேர்ந்தால் அதை வாங்கிவிடலாம். கல்லூரி விண்ணப்பங்களெல்லாம் இணையத்தில் நிரப்பும் காலம் இது. கடைசித் தேதிக்கு முந்தின இரவு கணினி எரியாவிட்டால், விடியும்வரை எந்தக் கடையும் திறக்காது.

பெற்றோர்களே, பரணில் உள்ளதைத் தூசி தட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். சார்ஜரை மறந்துவிடாதீர்கள்.