சுகர் கிளைடர் வாங்கப் போறீங்களா? பட்டியலில் இல்லாத செல்லப்பிராணியும் 12 வருடக் கணக்கும்

உள்ளங்கையில் அடங்கும் உடல். முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் கண்கள். அறையின் அந்தக் கோடியிலிருந்து காற்றில் மிதந்து வந்து தோளில் ஒட்டிக்கொள்ளும் லாகவம். ரீல்ஸில் சுகர் கிளைடரைப் பார்க்கும் பலருக்கும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "இதை நம்ம ஃபிளாட்ல வளர்க்க முடியுமா?"

கேட்டால், விற்கிறவர்களிடம் ரெடியாக ஒரு பதில் இருக்கும். "லீகல்தான். லைசென்ஸ் வேண்டாம். பராமரிப்பும் ஈஸி." இதில் முதல் பாதி அரை உண்மை. இரண்டாவது பாதி உண்மையே இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில், இது என்ன விலங்கு?

பார்க்க அணில் மாதிரி இருக்கும். ஆனால் அணில் இல்லை. கங்காரு போல வயிற்றில் பை உள்ள பாலூட்டி. எடை 100 முதல் 160 கிராம், அதாவது ஒரு ஸ்மார்ட்போனைவிடக் குறைவு. முன்னங்காலின் கடைசி விரலிலிருந்து பின்னங்கால் வரை ஒரு தோல் விரிப்பு இருக்கிறது. அதை விரித்து, மரத்துக்கு மரம் 50 மீட்டர் வரை சறுக்கிப் போகும். குட்டி பிறக்கும்போது அதன் எடை வெறும் 0.2 கிராம்தான். அதன்பின் சுமார் 70 நாள் தாயின் பையிலேயே வளரும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் பறக்கும் அணிலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு எதுவும் இல்லை. காட்டில் சறுக்கிப் போக வேண்டிய தேவை இரண்டு வேறு வம்சங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே உடலமைப்பைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பறக்கும் அணில்" என்று சொல்லி யாராவது நம் காட்டு அணிலை விற்றால், அது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடிக் குற்றம்.

சுகர் கிளைடரின் பூர்வீகம் ஆஸ்திரேலியா, நியூ கினி பகுதி. ஆஸ்திரேலியா தன் காட்டுப் பாலூட்டிகளை உயிரோடு வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. அப்படியென்றால் உலகெங்கும் வீடுகளில் இருப்பவை எங்கிருந்து வந்தன? அமெரிக்காவில் வளர்க்கப்படும் சுகர் கிளைடர்களின் மரபணுவை ஆராய்ந்த 2019 ஆய்வு ஒன்று, அவற்றின் மூதாதையர் இந்தோனேசியாவின் மேற்கு பப்புவாவிலிருந்து வந்தவை என்று கண்டறிந்தது. அடுத்த ஆண்டே, ஆஸ்திரேலியாவில் ஒரே இனமாக எண்ணப்பட்டது உண்மையில் மூன்று இனங்கள் என்று விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டினார்கள். சந்தையில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.

சரி, இந்தியாவில் வளர்ப்பது சட்டப்படி தப்பா?

இங்கேதான் அந்த அரை உண்மை வருகிறது.

வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து கணக்கு கொடுக்கலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜூனில் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. 2022இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகள், நான்காம் அட்டவணையில் உள்ள விலங்குகளை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கின. குட்டி போட்டால், இறந்தால், கைமாறினால் எல்லாவற்றுக்கும் கணக்கு காட்ட வேண்டும்.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு பட்டியலின் மேல் நிற்கிறது. அது சைட்டிஸ். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அதில் தாவரங்களும் விலங்குகளும் சேர்த்து 40,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பால் பைத்தான் உண்டு, மக்காவ் கிளி உண்டு, இகுவானா உண்டு. சுகர் கிளைடர் இல்லை. காட்டில் அதன் எண்ணிக்கைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்பதே காரணம்.

சைட்டிஸில் இல்லை என்பதால் நான்காம் அட்டவணையில் இல்லை. அட்டவணையில் இல்லை என்பதால் பதிவு இல்லை. பதிவு இல்லை என்பதால் இந்தியாவில் எத்தனை சுகர் கிளைடர்கள் வீடுகளில் இருக்கின்றன என்பதற்கு இந்தப் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது.

சரி, கடைகளுக்கான சட்டமாவது பிடிக்குமா? 2018இன் செல்லப்பிராணிக் கடை விதிகள், கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. அந்த விதிகள் பெயர் சொல்லும் விலங்குகள்: நாய், பூனை, முயல், கினி பன்றி, ஹாம்ஸ்டர், எலி வகைகள், கூண்டுப் பறவைகள். இந்தப் பட்டியலிலும் சுகர் கிளைடரின் பெயர் கிடையாது, ஆனால் வேறு சட்டங்கள் தடை செய்யாத மற்ற விலங்குகளும் அந்த வரையறையில் அடங்கும்.

இன்னொன்று 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அது எல்லா விலங்குகளுக்கும் பொருந்தும். ஆனால் முதல் முறை வதைக் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அச்சுப்பிழை இல்லை, ரூபாய்தான்.

அப்போ "லீகல்" என்பது சரிதானே?

இல்லை. வைத்திருக்கப் பதிவு வேண்டாம் என்பது வேறு, அது இந்தியாவுக்குள் வந்த வழி சரியானது என்பது வேறு.

உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். கூடவே விலங்கு தனிமைப்படுத்தல் நிலையத்தின் பரிசோதனையும் வேண்டும். பயணி தன்னோடு செல்லப்பிராணி கொண்டுவரும் வசதி நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. பேங்காக்கிலிருந்து சூட்கேஸில் வரும் சுகர் கிளைடர் எந்த அட்டவணையில் இல்லாவிட்டாலும் சுங்கச் சட்டத்தின்படி கடத்தல் பொருள்தான்.

அப்படி வருகிறதா? எண்களைப் பாருங்கள். 2011 முதல் 2020 வரையிலான பறிமுதல்களை டிராஃபிக், டபிள்யூ.டபிள்யூ.எஃப் இந்தியா அமைப்புகள் தொகுத்தன. 18 இந்திய விமான நிலையங்களில் 70,000க்கும் மேற்பட்ட விலங்குகளும் உடல் பாகங்களும் பிடிபட்டிருந்தன. பறிமுதல் சம்பவங்களின் எண்ணிக்கையில் முதலிடம் சென்னைக்கு. 2025 ஜூனில் டிராஃபிக் இன்னொரு கணக்கைச் சொன்னது: முந்தைய மூன்றரை ஆண்டுகளில் தாய்லாந்து–இந்தியா விமானப் பாதையில் மட்டும், உயிரோடும் இறந்தும் பிடிபட்டவை 7,000க்கும் மேல்.

இவை பிடிபட்டவற்றின் கணக்கு மட்டும். பிடிபடுபவை பெரும்பாலும் வந்த விமான நிறுவனத்தின் மூலமே திருப்பி அனுப்பப்படும். தப்பித்து வருபவை சந்தைக்குப் போகும். அதன்பின் அந்தக் குட்டி பெட்டியில் அடைபட்டு வந்ததா, இங்கேயே ஒரு வீட்டில் பிறந்ததா என்று கண்டுபிடிக்க எந்த ஆவணமும் இருக்காது. "இங்கேயே பிறந்த குட்டி" என்று விற்பவர் சொன்னால் அதைச் சரிபார்க்கும் வேலை முழுக்க வாங்குபவர் தலையில்.

பராமரிப்பு ஈஸியா?

நல்ல பராமரிப்பில் சுகர் கிளைடர் 10 முதல் 12 வருடம் வாழும், சில 15 வரை போகும். 26 வயதில் வாங்கினால், உங்களுக்கு 38 வயதாகும் வரை. நடுவில் வேலை மாறும், ஊர் மாறும், கல்யாணம், குழந்தை, ஆன்சைட் எல்லாம் வரலாம். கூண்டும் கூடவே வர வேண்டும்.

அடுத்து, ஒன்று போதாது. காட்டில் இவை ஒரே மரப்பொந்தில் ஏழு பெரியவைகள் வரை, குட்டிகளோடு கூட்டமாக வாழும். ஆண், தன் நெற்றிச் சுரப்பியின் வாசனையை மற்றவற்றின் மேல் தேய்த்து "இது நம்ம ஆள்" என்று அடையாளம் வைக்கும். தனியாக வைத்தால் மனஅழுத்தத்தில் தன் வாலையும் காலையும் தானே கடித்துக் குதறிக்கொள்ளும் நிலைக்குப் போகலாம். காலை 9 மணிக்கு ஆபீஸ் போய் இரவு 8 மணிக்கு வருபவர் அந்தக் கூட்டத்துக்கு மாற்றாக முடியாது. குறைந்தது இரண்டு வேண்டும். ஆணும் பெண்ணும் என்றால் ஆணுக்குக் கருத்தடை செய்தாக வேண்டும். இல்லையென்றால் இரண்டு சீக்கிரமே ஐந்தாகும்.

இது இரவு விலங்கு. நீங்கள் படுக்கும் நேரத்தில்தான் அதற்குப் பொழுது விடியும். குதிக்கும், நாய்க்குட்டி மாதிரி குரைக்கும். பகல் வெளிச்சத்தில் அது குதித்து விளையாடும் ரீலைப் பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பி எடுத்தது என்று புரிந்துகொள்ளலாம்.

கூண்டுக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம். இரண்டடி அகலம், மூன்றடி உயரம் என்பது குறைந்தபட்சம். கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. 24 முதல் 27 டிகிரி வெப்பம்தான் வசதி. 32ஐத் தாண்டினால் சிரமம். சென்னை மே மாதத்தில், நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது, மூடிய ஃபிளாட்டின் உள்ளே எத்தனை டிகிரி இருக்கும்? வாங்கும் முன் ஒரு வாரம் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

சாப்பாட்டில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். "சுகர்" என்ற பெயரைப் பார்த்து ஆப்பிளும் வாழைப்பழமும் கொடுத்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து. காட்டில் அதன் உணவு யூகலிப்டஸ் சாறு, அக்கேசியா பிசின், தேன், மகரந்தம், பூச்சிகள். பழம் மட்டுமே தின்றால் கால்சியம் குறைந்து எலும்பு பலவீனமாகும். ஒருநாள் பின்னங்கால்கள் இழுத்துக்கொள்ளும். வீட்டில் இவற்றுக்கு வரும் முக்கியமான நோய்களில் ஒன்று இது, சரியான உணவால் தடுக்கக்கூடியதும்கூட. தேன், அவித்த முட்டை, குழந்தைகளுக்கான தானிய மாவு, வைட்டமின் சேர்ந்த லெட்பீட்டர் கலவை, பூச்சிகள், கொஞ்சம் காய்கறி, மிகக் கொஞ்சம் பழம் என்பது மருத்துவர்கள் சொல்லும் ஒரு முறை. சாக்லேட், வெங்காயம், பூண்டு, காபி கூடவே கூடாது.

பழக்குவது எப்படி?

பாசம் வருமா என்றால், வரும். ஆனால் நாய்க்குட்டி வேகத்தில் வராது. வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்கள்.

முதல் சில நாள் தொடாமல் விடுங்கள். நீங்கள் உடுத்திய துணியில் ஒரு துண்டை அதன் கூட்டுக்குள் வையுங்கள். உங்கள் வாசனை முதலில் பழகட்டும். அடுத்து, பகலில் அது தூங்கும்போது துணிப்பையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். உங்கள் உடல் சூடும் குரலும் அதன் தூக்கத்தோடு சேரும். இரவில், ஜன்னல் மூடி, ஃபேன் நிறுத்தி, பாத்ரூம் கதவு சாத்திய அறையில் தரையில் சும்மா உட்காருங்கள். திறந்த கம்மோடிலும் பக்கெட்டிலும் இவை மூழ்கிச் சாவதுண்டு. அதுவாக உங்கள் மேல் ஏறட்டும். விரல் நுனியில் துளி தேன் கலந்த தயிர் வைத்தால் நக்க வரும்.

கரகரவென்று மிக்ஸி ஓடுவது மாதிரி சத்தம் போட்டால் அது கோபம் அல்ல, பயம். அப்போது பிடிக்கப் போகாதீர்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கடித்தால் கத்தவோ தட்டவோ வேண்டாம். ஜோடியாக வளர்த்தால் மனிதரிடம் ஒட்டாது என்ற பயமும் வேண்டியதில்லை. துணை இருக்கும் விலங்கு பயம் குறைந்ததாக இருக்கும், பயம் குறைந்தது சீக்கிரம் பழகும்.

ஒன்றிரண்டு தப்பிப் போனால் என்ன?

இதற்கு ஒரு பாடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவில் சுகர் கிளைடர் இயற்கையாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் கொண்டுபோனதுதான் என்பதை மரபணு ஆய்வும் ஆதரிக்கிறது. இன்று அந்தத் தீவில் மட்டும் கூடு கட்டும் ஸ்விஃப்ட் கிளியின் பொந்துக்குள் இரவில் நுழைந்து, முட்டையை மட்டுமல்ல, அடைகாக்கும் தாய்க் கிளியையும் அது தின்கிறது. இப்படியே போனால் 16 ஆண்டுகளில் அந்தக் கிளியின் எண்ணிக்கை 94 சதவீதம் வரை சரியலாம் என்று 2015இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். காட்டை வெட்டியதும் சேர்ந்துதான் இந்த நிலை. ஆனாலும் 150 கிராம் விலங்கு இதைச் செய்தது.

இந்தியச் சட்டத்தில் இதற்கு வழி உண்டு. 2022 திருத்தத்தின் 62ஏ பிரிவு, நம் வனவிலங்குகளுக்கு அச்சுறுத்தலாகும் அந்நிய இனங்களின் இறக்குமதி, வர்த்தகம், வளர்ப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தவோ தடை செய்யவோ மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் ஒரு விலங்கு அச்சுறுத்தலா இல்லையா என்று முடிவு செய்ய, முதலில் அது எங்கே, எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டும். பதிவேடு சைட்டிஸ் பட்டியலோடு நின்றுவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. வீட்டில் வளர்க்க விற்கப்படும் எல்லா வெளிநாட்டு விலங்குகளுக்கும் பதிவை விரிவாக்குவதுதான் நேரான தீர்வு.

அதுவரை, வாங்கும் முன் கேட்க வேண்டியவை

தாய் தந்தை விலங்குகளின் இறக்குமதி ஆவணம் இருக்கிறதா? பில் தருவார்களா? கூட்டமாக வைத்திருக்கும் இடத்தை நேரில் காட்டுவார்களா? குட்டி பையிலிருந்து வெளிவந்து எட்டு வாரமாவது ஆகிவிட்டதா? இவற்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் வாங்காதீர்கள்.

உங்களிடமே கேட்க வேண்டியவை இன்னும் மூன்று. உங்கள் ஊரில் சுகர் கிளைடருக்கு வைத்தியம் பார்த்த அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் யார்? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். நீங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் இரவு 9 மணிக்கு உணவு வைப்பது யார்? 12 வருடமும் இரண்டையும் வைத்துக்கொள்ள உங்கள் வாடகை ஒப்பந்தமும், வீட்டில் உள்ளவர்களும் ஒத்துக்கொள்வார்களா?

ஏற்கெனவே ஒன்றே ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்கள் அதை எங்கேயும் திறந்துவிட வேண்டாம். நம் மரங்களில் அதற்குப் பழகிய உணவு கிடையாது. பூனையும் காக்கையும் விட்டுவைக்காது. தப்பிப் பிழைத்தாலும் அது இன்னொரு பிரச்சினையின் ஆரம்பம். மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, உணவைச் சரிசெய்து, அதற்கு ஒரு துணை தேடுங்கள். கடையில் புதிதாக வாங்குவதைவிட, வளர்க்க முடியாமல் கைவிட நினைப்பவரிடமிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. அப்படிச் செய்தால் இரண்டு விலங்குகளுக்குத் துணை கிடைக்கும், பேங்காக்கில் இன்னொரு சூட்கேஸ் நிரம்ப நீங்கள் காரணமாக மாட்டீர்கள்.