கார் ஷெட் தரையும் பெயிண்டரின் பாக்கிக் கூலியும்

வீடு கட்டுகிறவர்கள் கடைசியாகக் கவனிக்கும் இடம் கார் ஷெட். ஹாலுக்கு எந்த டைல்ஸ் என்று மூன்று மாதம் அலைந்தவர், கார் நிற்கப் போகும் கான்கிரீட் தரைக்கு மூன்று நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பெயிண்ட் கடைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "தரைக்கு எந்தப் பெயிண்ட் நல்லது?" கடைக்காரர் ஷேடு கார்டை நீட்டுகிறார். பளபளவென்று சாம்பல் நிறம். விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

ஒரு மழைக்காலம் தாண்டுவதில்லை. டயர் நிற்கும் இடத்தில் பெயிண்ட் பட்டை பட்டையாக உரிகிறது. உடனே தீர்ப்பு: "பெயிண்டர் ஏமாத்திட்டான்!" பாக்கிக் கூலி இருந்தால் அது போச்சு. இல்லாவிட்டால், சும்மா வந்து மறுபடி அடித்துக் கொடு என்று மிரட்டல்.

இந்தத் தீர்ப்பு அநியாயம். குற்றவாளி பெரும்பாலும் பெயிண்டரும் இல்லை, டப்பாவும் இல்லை. அந்த முதல் கேள்விதான் குற்றவாளி. "எந்தப் பெயிண்ட்?" என்பதற்கு முன்னால் "எந்தத் தரை?" என்று யாருமே கேட்கவில்லையே!

கான்கிரீட் பார்க்கத்தான் கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது. தளம் போடும்போது அடியில் பாலித்தீன் ஷீட் விரிக்காவிட்டால், மண்ணின் ஈரம் அந்தத் துளைகள் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்து நிலத்தடி நீர் உயரும்போது இது இன்னும் அதிகம். மேலே காற்றுப் புகாத பெயிண்ட் படலம் இருந்தால், வெளியேற வழியில்லாத ஈரம் அதைக் கொப்பளமாகத் தூக்கிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த டப்பாவாக இருந்தாலும் இதுதான் கதி.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினீயர் வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ, அந்தத் தரை பெயிண்டுக்குத் தயாராக இல்லை. செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. ஆனால் இதைச் செய்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் எத்தனை பேர்? புதுக் கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். நம்மூரில் நல்ல நாள் பார்ப்பதற்கு இருக்கும் பொறுமை, தரை காய்வதற்கு இருப்பதில்லை.

அடுத்தது, தரையின் மேல்பரப்பு. கான்கிரீட் இறுகும்போது மேலே மெல்லிய, பலமில்லாத சிமென்ட் படலம் ஒன்று படியும். அதை உரசி எடுக்காமல் பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் தரையில் ஒட்டுவதில்லை, அந்தப் படலத்தில் ஒட்டுகிறது. படலம் பெயரும்போது பெயிண்டும் கூடவே போகும். பழைய ஷெட்டில் ஆயில் கறை இருந்தாலும் அப்படித்தான். தரையில் நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். உறிஞ்சினால் சரி, முத்து முத்தாக நின்றால் பெயிண்டும் ஒட்டாது.

டப்பாவின் மேலே உள்ள பெயரும் மயக்குகிறது. ஒரே டப்பாவில் 'எபாக்ஸி' என்று எழுதி வருவதும், ரெசினும் ஹார்டனரும் தனித்தனியாக வந்து கலந்து அடிப்பதும் ஒன்றல்ல. பின்னது வேதிவினையால் இறுகுவது, அதனால்தான் வலிமை. சாதாரணத் தரைப் பெயிண்ட், வெயில் ரோட்டில் ஓடிவந்த சூடான டயருக்கு அடியில் இளகி, டயரோடு ஒட்டிக்கொண்டு பெயரும். எபாக்ஸிக்கும் பலவீனம் உண்டு. நேரடி வெயில் பட்டால் மஞ்சளாகும். ஆகவே திறந்த போர்டிகோவுக்கு அதன் மேல் வெயில் தாங்கும் பாலியூரித்தேன் பூச்சு வேண்டும். மழைச் சாரல் அடிக்கும் இடத்தில் மணல் தூவாமல் வழவழப்பாக விட்டால், வழுக்கி விழுவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பாட்டியோ தாத்தாவோதான்.

"இதெல்லாம் பெயிண்டருக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்பார்கள். பலருக்கும் தெரியும். "தரையை உரசணும் சார், இரண்டு நாள் ஆகும்" என்று சொல்கிற பெயிண்டரிடம் "அதெல்லாம் வேண்டாம், அடிச்சு விடு" என்று சொல்வது யார்? தயாரிப்பு வேலைக்கான கூலியை வெட்டிவிட்டு, அந்த வேலை நடக்காததற்கு அவரையே தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, உரசச் சொல்கிறவர்களாவது யோக்கியமா? ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்லிவிட்டு வெறுங்கையும் வெறுங்காலுமாக நிற்கவிடுகிறார்கள். அந்தப் புகை நுரையீரலை அரிக்கும். மெஷினால் உரசினால் பறக்கும் சிலிக்கா தூசு, பல ஆண்டு சேர்ந்தால் சிலிகோசிஸ் எனும் குணமாகாத நோயைத் தரும். ஹார்டனர் கையில் பட்டுப் பட்டுத் தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் அந்த வேலையையே விட வேண்டிய நிலை. பல ஆயிரம் ரூபாய்க்குப் பெயிண்ட் வாங்குகிறவருக்கு, கையுறையும், நல்ல முகக்கவசமும், தூசு உறிஞ்சும் கருவிக்கு வாடகையும் மட்டும் வீண் செலவாகத் தெரிகின்றன!

உண்மையில் பல வீடுகளுக்குப் பெயிண்டே தேவையில்லை. பழைய வீடுகளின் காவித் தரையை நினைத்துப் பார்க்கலாம். அங்கே நிறம் மேலே பூசப்பட்டதல்ல, பூச்சுச் சிமென்டோடு கலந்தது. அதனால் காலம் போனால் தேயும், உரியாது. இன்று சிலிகேட் கலந்த திரவங்கள் இருக்கின்றன. அவை கான்கிரீட்டுக்குள் ஊறி, அங்குள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து தரையைக் கெட்டியாக்கும். மேலே படலமே இல்லை என்பதால் உரிய எதுவுமில்லை. ஆயில் கறை விழும், பளபளப்பு குறைவு. உண்மைதான். ஆனால் அது கார் நிற்கும் இடம், கல்யாண மண்டபம் அல்ல.

ஈரம் ஏறும் தரையை அப்படியே விடுவதுதான் புத்திசாலித்தனம். காய்ந்த தரையில் பெயிண்ட் வேண்டும் என்றால், முதல் பணம் தயாரிப்பு வேலைக்கு, அடுத்ததுதான் டப்பாவுக்கு. இரண்டையும் செய்ய மனமில்லாதவர் தாராளமாக அவசரப்படட்டும். ஆனால் உரியும்போது அந்த நஷ்டத்தை அவரே ஏற்கட்டும். வேலை செய்தவரின் கூலியில் கை வைக்க வேண்டாம்.