எண்ணிக்கை இருக்கிறது, பெயர் எங்கே?



தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில், பழங்கட்டடச் சுவரில் பதித்த சலவைக்கல் ஒன்றை நீங்கள் கண்டிருக்கக்கூடும். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கில எழுத்தில் வெட்டிய கல். இத்தனை பேர்! அவ்வளவுதான். அவர்கள் யார்? எவர் பெற்ற பிள்ளைகள்? எந்தக் கடலைத் தாண்டி எந்த மண்ணில் விழுந்தார்கள்? கல் வாய் திறப்பதில்லை. சந்தைக்கு மாடு ஓட்டிச் செல்பவன்கூட மயிலை, செவலை, காரி என்று அடையாளம் சொல்லித்தான் விற்கிறான். மனிதனை வாங்கிய ஏகாதிபத்தியத்துக்கு அந்த அடையாளமும் தேவைப்படவில்லை. தலைக்கணக்கு போதுமானதாக இருந்தது!

பாட்டனைத் தேடும் பேரன் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கல்லில்தான். வீட்டில் அவனுக்குக் கிடைப்பது ஒரு தகரப் பெட்டி, மங்கிய நிழற்படம், "பஸ்ராவில் இருந்தாராம்", "பர்மாவுக்குப் போனாராம்" என்று பாட்டி வழியாக வந்த ஒரு சொல். இவற்றை வைத்துக்கொண்டு அவன் ஏடுகளைத் தேடிப் புறப்பட்டால் என்ன நேருகிறது என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பஸ்ராவிலேயே தொடங்குவோம். முதல் உலகப் போரில் மெசபொட்டேமியக் களத்தில் மாண்டு, கல்லறையும் கிடைக்காமல் போன 40,000 பேருக்கு மேற்பட்டவர்களுக்காகப் பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் வெள்ளைச் சிப்பாயின் பெயர் உண்டு. இந்தியப் படை அதிகாரியின் பெயரும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயர், அதன் கீழே செத்தவர்களின் தொகை! ஒரே பாலையில், ஒரே வெயிலில் செத்தவர்கள். ஒருவன் பெயரானான், மற்றவன் எண்ணானான்.

இது ஏதோ கல்தச்சனின் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். போர்க் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையமே, 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் உண்மையை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை! நூறாண்டு கழித்து வந்த வருத்தம் இது. வந்தமட்டில் நல்லதுதான். ஆனால் வருத்தம் தெரிவித்தவர்களால் அழிந்துபோன பெயரைத் திருப்பித் தர இயலுமா?

பதக்கத்தில்கூடப் பாகுபாடு பார்த்தவர்கள் அவர்கள். போர் முடிந்ததும் தந்த பதக்கம் படைவீரனுக்கு வெள்ளியில். மூட்டை சுமந்து, பாதை வெட்டி, அதே குண்டு மழையில் நனைந்த கூலிப் பிரிவினருக்கு வெண்கலத்தில்! ஆயினும் ஒரு செய்தி கேளுங்கள்: அந்தப் பதக்கத்தின் விளிம்பில் எண்ணும், பெயரும், பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். கல்லில் இல்லாத பெயர் காசளவு உலோகத்தின் ஓரத்தில் இருக்கிறது. அதை அடகுக்கடைக்கு அனுப்பாதிருந்த வீடு பாக்கியம் செய்த வீடு. பஞ்ச காலத்தில் வெள்ளி பதக்கமாகவா கண்ணுக்குத் தெரியும்? அரிசியாகத்தான் தெரியும்.

"கூலிக்குப் போனவர்கள்தானே! வெள்ளையனுக்காகச் சுட்டவர்களை நாம் எதற்குத் தேட வேண்டும்?" என்று நம்மவரிலேயே சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஏகாதிபத்தியத்தின்மேல் கொண்ட வெறுப்பு அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் அந்த வெறுப்பை யார் தலையில் இறக்குகிறார்கள் என்று பாருங்கள்! நிலமற்றவன், கடன்பட்டவன், ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்க உரிமை மறுக்கப்பட்டவன், மாதம் பிறந்தால் வீட்டுக்கு மணியார்டர் போகும் என்று கையெழுத்திட்டான். இல்லை, கைநாட்டு வைத்தான். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் 25 இலட்சம் பேர். அத்தனை பேரும் மன்னரின் புகழ்பாடிக்கொண்டா போனார்கள்? போரைத் தொடுத்தவன் பெயர் பாடப் புத்தகத்தில் கொழுவிருக்க, போரில் செத்தவன் பெயரைக் கேட்பது மட்டும் குற்றமாகிவிடுமா?

மேலும், இந்தச் சிப்பாயைத்தான் வெள்ளைத் தளபதிகள் கோழை என்று இகழ்ந்தார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை ஏற்றிருந்த ராபர்ட்ஸ், பின்னர் இந்தியத் தலைமைத் தளபதியாகி, வீரம் வடக்கே மட்டும் விளையும் பயிர் என்ற 'போர்க்குல'க் கொள்கையை வளர்த்தார். சென்னைக் காலாட்படை படிப்படியாக வெட்டப்பட்டது; 1920-களின் முடிவுக்குள் அறவே கலைக்கப்பட்டது. இட்லரும் சப்பானும் கழுத்தைப் பிடித்ததும், 1941-ல், சென்னைப் படைப்பிரிவு மீண்டும் திரட்டப்பட்டது! கோழை என்றவனே கதவைத் தட்டினான். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, சென்னைச் சாப்பர் படையின் சுப்ரமணியன், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மீது தன் உடலையே கிடத்தி உடன் வந்தவர்களைக் காத்து மாண்டார். சார்ச்சு சிலுவை விருது பெற்றார். அவர் பெயர் நிலைத்தது. விருது கிட்டாத ஆயிரமாயிரம் பேர்?

இதுவரை வெள்ளையனைச் சொன்னேன். நம் வீட்டுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

1940-ல் ஜெர்மானியக் குண்டு விழுந்து, முதற்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் ஏடுகள் இலண்டனில் பெரும்பகுதி எரிந்தன. எஞ்சிய கருகிய தாள்களையும் அவர்கள் தூக்கியெறியவில்லை. காத்து, படம்பிடித்து, இன்று எவரும் தேடும்படி வைத்திருக்கிறார்கள். 1973-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 160 இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் தீக்கிரையாயின. மிஞ்சியவற்றைக் கொண்டு அவர்கள் மறுபதிவு செய்து தருகிறார்கள். அங்கே தீ எரித்தது. இங்கே? விதி எரிக்கிறது! ஓய்வூதியம் பெறாத சிப்பாயின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம் என்பது நம் படையின் ஒழுங்குமுறை. போருக்கென்று சேர்க்கப்பட்டு, போர் முடிந்ததும் 1945, 1946-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவனுக்கு ஓய்வூதியம் ஏது? பதினைந்து ஆண்டுப் பணி அவனுக்கு எங்கே? ஆகவே அவன் தாள் குப்பைக்குரியது. போர் நாட்குறிப்புகளை 25 ஆண்டுகளில் பொதுவாகத் திறந்துவிட வேண்டும் என்று 2021-ல் பாதுகாப்பு அமைச்சகம் கொள்கை வகுத்தது, வரவேற்கிறோம். ஆனால் படையின் கதை 25 ஆண்டில் திறக்கும், படைவீரனின் தாள் 25 ஆண்டில் அழியும் என்றால், இது என்ன நீதி?

எதிரணியில், நேதாஜியின் படையில் சேர்ந்த மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழர் நிலையும் இதைவிட மேலானதன்று. விடுதலை வீரர்க்கு 1972-ல் மத்திய அரசு ஓய்வூதியத் திட்டம் அறிவித்தபோது, அவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது சான்று! பால்வெட்டும் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தவன், பெட்டி நிறையச் சான்றிதழுடனா கப்பலேறி ஊர் திரும்பினான்?

பஞ்சாபைப் பாருங்கள். முதற்போருக்குச் சென்ற 3,20,000 பேரின் விவரத்தை ஊர்வாரியாக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ நூறாண்டு தூங்கின. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியர்களும் கிரீனிச் பல்கலைக்கழகமும் கைகோத்து, 2021-ல் அவற்றை மின்பதிவாக வெளியிடத் தொடங்கினார்கள். எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் உள்ள ஊர்களின் பேரர்கள் தம் பாட்டன் பெயரை அங்கே கண்டுபிடிக்கிறார்கள். கேட்டார்கள், கிடைத்தது!

நாம் கேட்க வேண்டியதும் தெளிவானது. கோப்புகள் அழிந்த பின்னும், 'லாங் ரோல்' எனப்படும் நீண்ட பெயர்ப்பட்டியல்கள் படைப் பதிவு அலுவலகங்களில் இருக்கின்றன. சென்னைப் படைப்பிரிவின் பதிவகம் நீலகிரி வெலிங்டனில்; சாப்பர்களின் பதிவகம் பெங்களூரில். 1947-க்கு முற்பட்ட அந்தப் பட்டியல்களைப் படியெடுத்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இதில் என்ன இராணுவ இரகசியம்? கலைந்துபோன பேரரசின் கலைந்துபோன அணிவகுப்பு அது!

அரசு அசையும்வரை நீங்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. போரில் மாண்டவரானால், காமன்வெல்த் ஆணையத்தின் பெயர்ப்பட்டியலைக் கட்டணமின்றித் தேடலாம். 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையும், 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையும் இறந்தோர் அதில் அடங்குவர். பலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் உண்டு. முனுசாமியை வெள்ளைக் குமாஸ்தா எத்தனை விதமாய் எழுதியிருப்பான் என்று எண்ணி, அத்தனை விதமாகவும் தேடுங்கள். உயிருடன் திரும்பியவர் அந்தப் பட்டியலில் இரார். அவருக்குப் படை எண் வேண்டும். விடுவிப்புச் சான்றிதழ், பதக்கத்தின் விளிம்பு, பழைய மணியார்டர் துண்டு இவற்றில் அந்த எண் இருக்கக்கூடும். பெட்டியைத் திறக்குமுன் வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் உட்கார்ந்து, அவர் சொல்லும் ஊர்ப் பெயர்களை, கொச்சையாக இருந்தாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எண்ணையும் பெயரையும் குறித்துப் பதிவகத்துக்கு விண்ணப்பம் அனுப்புங்கள். ஒரு படியை உங்கள் கிளைக் கழகத்தில் கொடுத்து வையுங்கள்.