கேம்களுக்கு அரியர் கிடையாது!

ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவை பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடப்பதைப் பார்த்து அம்மாவைக் கிண்டல் செய்யாத பிள்ளைகள் குறைவு. அதே பிள்ளைகளின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் தெரியும் சேதி. ஸ்டீம் கணக்கில் நூறு கேம்கள் இருக்கும். அதில் அறுபது ஒருமுறைகூடத் திறக்கப்பட்டிருக்காது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து அந்தப் பட்டியலை மேலும் கீழும் பத்து நிமிடம் உருட்டுவார்கள். கடைசியில் வழக்கமான கவுன்டர்-ஸ்ட்ரைக்கைத் திறந்து ஆடிவிட்டுத் தூங்கப் போவார்கள் :-)

ஆங்கிலத்தில் இதை பேக்லாக் என்கிறார்கள். ஜப்பான்காரர்களும் இதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வாங்கிப் படிக்காமல் அடுக்கி வைக்கும் புத்தகங்களுக்கு 'சுண்டோக்கு', அதே மாதிரி அடுக்கி வைக்கும் கேம்களுக்கு 'சுமிகே'. நம்மூர் மாணவன் வாயில் வரும் வார்த்தை வேறு. "மச்சி, இன்னும் நாற்பது கேம் அரியர் இருக்குடா!"

வேடிக்கையாகச் சொல்வதுதான். ஆனால் பிரச்னையே அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. அரியர் என்றால் எழுதி முடித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் டிகிரி கிடையாது. கேமை முடிக்காவிட்டால் யார் எதை நிறுத்தி வைக்கப் போகிறார்கள்?

இது ஏதோ நான்கு பேருடைய வியாதி இல்லை. 2014-இல் ஆர்ஸ் டெக்னிகா என்ற இணைய இதழ் ஸ்டீம் கணக்குகளை மாதிரி எடுத்து ஆராய்ந்தது. மக்கள் கணக்கில் இருந்த கேம்களில் சுமார் 37 சதவீதம் ஒருதடவைகூட இயக்கப்படவில்லை என்பது அதன் மதிப்பீடு. பத்து வருடம் கழித்து, 2024-இல், ஸ்டீமில் அந்த ஒரே ஆண்டில் வெளியான கேம்கள் 18,000-க்கும் மேல். அதே ஆண்டுக்கான ஸ்டீமின் சொந்தக் கணக்குப்படி, ஒரு பயனர் விளையாடிய கேம்களின் இடைநிலை அளவு 4. பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை, நான்கேதான்! மொத்த விளையாட்டு நேரத்தில் அந்த ஆண்டின் புதுக் கேம்களுக்குப் போனது 15 சதவீதம். எட்டு வருடம் அல்லது அதற்கும் மேல் பழைய கேம்களுக்குப் போனது 37 சதவீதம்.

ஆக, வாங்குவது ஒன்று, ஆடுவது வேறொன்று. இந்த இடைவெளி எப்படி வந்தது?

2003-இல் வால்வ் நிறுவனம் ஸ்டீமைத் தொடங்கியபோது அது தன் சொந்த கேம்களை அப்டேட் செய்வதற்கான ஒரு சாதாரண மென்பொருள். 2005-இல் மற்றவர்களின் கேம்களும் விற்பனைக்கு வந்தன. பிறகு ஜூன் கடைசியில் ஒரு பெரிய தள்ளுபடி, டிசம்பரில் ஒரு பெரிய தள்ளுபடி என்று வழக்கமாகிவிட்டது. 2010-இல் 'ஹம்பிள் இண்டி பண்டில்' வந்தது. இஷ்டப்பட்ட காசைக் கொடுத்துவிட்டு ஒரு கட்டு கேம்களை அள்ளிக்கொள்ளலாம். 2015-இல் ஸ்டீம் விலைகள் ரூபாயில் வர, இந்திய மாணவர்களுக்கும் வாசல் திறந்தது. 2018 டிசம்பரில் எபிக் கடை வந்து கேம்களை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், ஜிடிஏ 5 இலவசம் என்று அறிவித்ததும் கூட்டம் தாங்காமல் அந்தக் கடையின் தளமே படுத்துவிட்டது.

கடையில் பெட்டியாக வாங்கிய காலத்தில் வைக்க இடம் வேண்டும், பஸ் ஏறிப் போகவேண்டும். இப்போது இரண்டு கிளிக் போதும். பரண் நிறைந்து வழிந்தாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சரி, ஆடாத கேமை ஏன் வாங்குகிறார்கள்? 2017-இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் 1985-லேயே இதற்கு ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார். ஒரு பொருளை வாங்குவதில் இரண்டு தனித்தனி திருப்திகள் உண்டு. பொருளைப் பயன்படுத்துவதில் வருவது ஒன்று. "நல்ல பேரம் படிந்தது" என்ற நினைப்பில் வருவது இன்னொன்று. 2,000 ரூபாய் கேம் 200 ரூபாய்க்குக் கிடைக்கும்போது இந்த இரண்டாவது திருப்தி, பணம் கட்டிய அந்த நொடியே முழுசாகக் கிடைத்துவிடுகிறது. அதற்குமேல் கேமைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை!

அதே 1985-இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓஹையோ பல்கலைக்கழகத்தில் நாடக சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை 15 டாலருக்கும், சிலருக்கு 2 அல்லது 7 டாலர் தள்ளுபடியிலும் டிக்கெட் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் தள்ளுபடிக்காரர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் இந்த வித்தியாசம் காணாமல் போனது.

கேம்களுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மலிவாக வாங்கியதை மதிப்பதில்லை. முழு விலை கொடுத்து வாங்கியதன் உறுத்தலும் கொஞ்ச மாதத்தில் ஆறிப்போகிறது.

இப்படிச் சேர்ந்துபோன குவியலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம் என்ன? எக்செல்லில் பட்டியல் போடு. பழையதை முதலில் முடி. முடிக்கும்வரை புதிது வாங்காதே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் சாயம் வெளுத்துவிடும். அறுபது கேம், ஒன்றுக்குச் சராசரியாக 20 மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 1,200 மணி. தினம் ஒரு மணி நேரம், ஒருநாள்கூட விடாமல் ஆடினாலும் மூன்றேகால் வருடம் ஆகும். பி.காம். படிப்பே மூன்று வருடம்தான்! அதிலும் 'விட்சர் 3' மாதிரி ஒன்று நடுவில் வந்தால் அதன் கதைக்கு மட்டும் 50 மணி நேரம் போய்விடும்.

இன்னொரு தவறும் இந்த வைத்தியத்தில் இருக்கிறது. அது கேமைச் சரக்காகப் பார்க்கிறது. பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு. கையிருப்புச் சரக்கை அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில்தான் காட்டவேண்டும். ஸ்டீமில் வாங்கிய கேமை வேறொருவருக்கு விற்க முடியாது. அப்படியென்றால் மொத்தப் பரணின் மதிப்பு? பூஜ்யம். கொடுத்த காசு மூழ்கிய செலவு. இஷ்டமில்லாத கேமை இருபது மணி நேரம் கட்டி அழுதாலும் அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. காசோடு இருபது மணி நேரமும் சேர்ந்து போகும், அவ்வளவுதான்.

"அப்பா உழைச்ச காசு, வீணாக்கலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய நேரம் பணம் கட்டுவதற்கு முன்பு. கட்டிய பிறகு மிச்சம் இருப்பது ராத்திரி கிடைக்கும் ஒரு மணி நேரம் மட்டுமே. காலேஜ், பார்ட் டைம் வேலை, சி.ஏ. கோச்சிங் எல்லாம் போக மிஞ்சுவது அது. அதையும் கடன் அடைக்கிற மாதிரி செலவழித்தால் விளையாட்டு எதற்கு?

"பின்னால் உதவும், இருக்கட்டுமே" என்பது அடுத்த வாதம். இதுவும் முழுசாக நிற்காது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் 'தி க்ரூ' கேமின் சர்வர்களை மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்களும் அதன்பிறகு ஆட முடியவில்லை. 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, கொடுப்பது வெறும் உரிமம்தான் என்றால் அதைச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக்கூடாது. சேர்த்து வைப்பது சொத்து என்ற நினைப்பே அங்கே அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் என்னதான் செய்வது?

1. போக்கெழுதிவிடுவது. வசூலாகாது என்று தெரிந்த கடனை வணிகர் வாராக்கடனாகப் போக்கெழுதுவார். கேமுக்கும் அதையே செய்யலாம். ஸ்டீமிலேயே கேம்களை மறைத்து வைக்கும் வசதி உண்டு. ஆசையில்லாத நாற்பதை மறைத்தால், கண்ணில் படுவது இருபது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

2. ஆடப்போகும் அன்றைக்கு வாங்குவது. தள்ளுபடி போய்விடுமே என்ற பயம் வேண்டாம், ஆறு மாதத்தில் மறுபடி வரும். விஷ்லிஸ்டில் போட்டு வைக்கக் காசு இல்லை.

3. 14 நாள் விதி. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2015-லிருந்து இருக்கும் வசதி இது. பதினான்கு நாளில் திறந்துகூடப் பார்க்காத கேமை பதினான்கு மாதத்திலும் திறக்கப்போவதில்லை. தைரியமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

4. சின்னதில் தொடங்குவது. 'போர்ட்டல்' மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். 'ஃபயர்வாட்ச்' ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குச் சரியாக இருக்கும். நேரத்துக்கு ஏற்ற கேம்களும் பரணிலேயே இருக்கின்றன, தேடத்தான் ஆள் இல்லை.

5. பிடிக்காவிட்டால் பாதியில் விடுவது. படம் மொக்கையாக இருந்தால் இன்டர்வெலில் எழுந்து வருகிறவர்களுக்கு இது புரியும்.

லைப்ரரிக்குப் போகிறவர் யாரும் அங்கே இருக்கும் புத்தகத்தையெல்லாம் பார்த்து, "ஐயோ இத்தனை பாக்கி இருக்கிறதே" என்று தலையில் கைவைத்து உட்காருவதில்லை. அன்றைக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறார். ஸ்டீமிலும் கேம்கள் இருக்கும் பக்கத்துக்கு லைப்ரரி என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். அரியர் லிஸ்ட் என்று படிப்பதுதான் தப்பு!