மருந்து தோற்றால் தோற்றது யார்?

எங்கள் ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர் ஏரிப் பக்கம் காலை நடைக்குப் போகிற தமிழர் கூட்டத்தில் இப்போதெல்லாம் காவிரியும் கிரிக்கெட்டும் பின்னால் போய்விட்டன. ஃபேட்டி லிவர்தான் பேச்சு. அதில் ஒருவர், ஒரு சொட்டு தொடாத மனிதர், நெட்டில் மருந்துச் செய்தியாகத் தேடிப் படிப்பவர். ஏதாவது ஒரு மருந்து தோற்றது என்று படித்தால் இரண்டு நாள் நடைக்கே வரமாட்டார். "இவங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள நம்ம கதை முடிஞ்சிடும் சார்" என்பார். இவரைப் போல நிறையப் பேர் இருப்பதால்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, பேங்கில் கடன் மனுக்களைப் பார்க்கிறவன். அந்தக் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

தோற்ற பட்டியல் நீளம்தான். 2019ல் ஜிலியட் கம்பெனியின் செலான்செர்டிப். 2020 மே மாதம் பிரான்ஸின் ஜென்ஃபிட் தயாரித்த எலாஃபிப்ரனார். அடுத்த மாதமே இன்டர்செப்ட் கம்பெனியின் ஒபெடிகோலிக் ஆசிட் மனுவை அமெரிக்க எஃப்.டி.ஏ. திருப்பி அனுப்பியது. 2023 ஜூனில் இரண்டாவது முறையாகத் திருப்பியது. கம்பெனி அதோடு இந்த நோயைக் கைவிட்டது.

இந்த இன்டர்செப்ட் கதை எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 2014 ஜனவரியில் ஒரு நல்ல செய்தி வந்ததும் ஒரே நாளில் அதன் பங்கு 72 டாலரிலிருந்து 275 டாலருக்கு ஏறியது. 2023ல் இத்தாலியின் அல்ஃபாசிக்மா அதே கம்பெனியை வாங்கியபோது ஒரு பங்குக்குக் கொடுத்தது 19 டாலர். "அதிசய மருந்து", "பெருத்த பின்னடைவு" என்று நாம் படிக்கிற தலைப்புகளில் பாதி, பங்கு வைத்திருப்பவனுக்காக எழுதப்பட்டவை. நோயாளி அதைத் தன் கல்லீரலின் ரிப்போர்ட்டாக எடுத்துக்கொண்டு தூக்கம் கெடுகிறான்.

திருப்பியதற்குக் காரணத்தைப் பாருங்கள். அதிக டோஸ் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குக் கல்லீரல் தழும்பு குறைந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 12 பேருக்குக் குறைந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். வேறு ஏறியது. ஃபேட்டி லிவர்காரர்களை அதிகம் கொண்டுபோவது மாரடைப்பு மாதிரியான இதய நோய்கள்தான் எனும்போது இது சின்ன விஷயமா? இந்த மனு என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் சாங்ஷன் பண்ணியிருக்க மாட்டேன். அந்த மருந்து நின்றதில் நோயாளி தோற்கவில்லை. அவரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் யாருக்கும் நஷ்டமே இல்லையா? உண்டு. தழும்பு எஃப்2, எஃப்3 என்று முற்றிப் போனவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் காசுதான். அவர்கள் காத்திருந்தது நியாயம். 2024 மார்ச்சில்தான் எஃப்.டி.ஏ. முதல் மருந்தான ரெஸ்மெடிரோமை அனுமதித்தது. 966 பேரிடம் நடந்த சோதனையில், அதிக டோஸ் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு அழற்சி நீங்கியது. வெறும் மாத்திரையில் சுமார் 10. 2025 ஆகஸ்டில் செமாகுளுடைடு ஊசி. அதில் 63க்கு 34. இரண்டுமே எஃப்2, எஃப்3 ஆட்களுக்குத்தான். நம் நாட்டில் அதற்கும் முன்பே, 2020 மார்ச்சில், ஜைடஸின் சரோக்ளிடசாருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. செமாகுளுடைடின் முக்கிய காப்புரிமைக்கு இந்தியாவில் ஆயுள் 2026 மார்ச் வரைதான். ஆக கடை முழுக்கக் காலி என்று சொல்ல முடியாது.

ஸ்கேனில் "கிரேடு 1" என்று மட்டும் எழுதி வந்தவர்கள் இந்தச் செய்திகளுக்காகக் காத்திருப்பது எனக்குப் புரியவில்லை. உங்களுக்காக யாரும் அந்த மருந்தைத் தயாரிக்கவில்லை சாமி!

"நடந்தால் சரியாகிவிடும்" என்று ஊரிலிருந்து போனில் உபதேசம் பண்ணும் மாமாக்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கியூபாவில் 293 நோயாளிகளை ஒரு வருடம் உணவு, நடை என்று வைத்துப் பார்த்த ஆய்வு 2015ல் வந்தது. உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி போய்விட்டது. எந்த மருந்தும் இதன் பக்கத்தில் வரவில்லை. ஆனால் அவ்வளவு குறைக்க முடிந்தவர்கள் 29 பேர்தான்! டாக்டர்கள் பக்கத்தில் இருந்தே பத்தில் ஒன்பது பேரால் முடியாத காரியம். எட்டு மணிக்கு சில்க் போர்டு டிராஃபிக்கில் நிற்கிறவன் முடியவில்லை என்றால் அது சோம்பேறித்தனமா? ஹைதராபாத் ஐ.டி. ஊழியர்கள் 345 பேரைச் சோதித்து 2025ல் வந்த ஆய்வில் 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு. அத்தனை பேருமா சோம்பேறிகள்?

இன்னொரு கொடுமை, ஊரில் கல்யாண வீட்டில் "லிவர்" என்று சொன்னதும் "குடிப்பாரோ?" என்று ஒரு பார்வை. 2023 ஜூனில் உலகக் கல்லீரல் மருத்துவர்கள் நோயின் ஆங்கிலப் பெயரையே மாற்றியதற்கு இந்த மாதிரி அவமானமும் ஒரு காரணம். நம் சித்திகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை :-)

மருந்தும் இல்லை, வீட்டில் ஏச்சும் என்றானபின் மனிதன் எங்கே போவான்? "லிவர் கிளீன்" பொடிக்கும் கஷாயத்துக்கும்தான். 2021ல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டு வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலை வைத்துக்கொண்டு அதில் நடுவில் போய் நிற்காதீர்கள் என்பேன்.

முதலில் தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டும். அதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு, சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே போடலாம். வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து (இரண்டரை லட்சம் என்றால் 250), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனால் வகுங்கள். 1.3க்குக் கீழே வந்தால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு குறைவு. 65 தாண்டியவர்களுக்கு 2 வரை விடலாம். மேலே போனால் டாக்டரிடம் ஃபைப்ரோஸ்கேன் பற்றிக் கேளுங்கள். 2021லிருந்து இந்த நோய் மத்திய அரசின் சர்க்கரை, ரத்தக்கொதிப்புத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஊரில் இருக்கும் அப்பா அம்மா அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது இந்த மூன்று எண்களையும் போனில் படிக்கச் சொல்லுங்கள். கால்குலேட்டரை நாம் இங்கே தட்டிக்கொள்ளலாம்.