தட்டுக்கு மறுபிறவி

சென்ற மாதம் ஒரு மணிவிழாவுக்காகக் கல்லலுக்குப் போயிருந்தோம். செட்டிநாட்டு விருந்தைப் பற்றிப் படித்து எந்த நேயருக்கும் பசி தீர்ந்ததில்லை. ஆகையால் அதை விட்டுவிட்டு, விருந்துக்குப் பிறகு நடந்த விஷயத்துக்கு வருவோம்.

பட்டாலையில் சற்றுச் சாய்ந்திருந்தோம். நண்பரின் புதல்வன் ஒரு புது இசைத்தட்டைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தான். மான்செஸ்டர் நகரத்து ‘பஸ்காக்ஸ்’ என்னும் கோஷ்டியார் 1978-இல் வெளியிட்ட முதல் ஆல்பமாம் அது. ‘பங்க்’ என்னும் முரட்டுச் சங்கீதத்தில் இனிய மெட்டையும் காதல் புலம்பலையும் கலந்தவர்கள் அவர்கள். ஆதியில் பதிவு செய்த நாடாக்களைக் கொண்டே 2019-இல் அத்தட்டை மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். பையன் முள்ளை வைத்தான். முதல் பாட்டு முடிவதற்குள் கூரை ஓடுகளின் க்ஷேமத்தைப் பற்றி நமக்குக் கவலை உண்டாயிற்று. இரண்டாவது பாட்டில், உண்மையைச் சொல்வதானால், நமது கால் தானாகவே தாளம் போட்டது.

“இந்தப் பாட்டெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்குமே, தம்பி?” என்று கேட்டோம்.

“கிடைக்கும், மாமா. ஆனால் அதில் பாதிப் பாட்டிலேயே அடுத்ததற்குத் தாவிவிடுகிறேன். தட்டு என்றால் உட்கார்ந்து கேட்கிறேன்” என்றான்.

அப்போது உள்ளேயிருந்து வந்த ஆச்சி, “இதென்ன அதிசயம்? இப்படித் தட்டு என் மாமனார் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தாரே! போன வருஷம் வீட்டைச் சுத்தம் பண்ணும்போது எடைக்குப் போட்டுவிட்டோம். ஒன்று மட்டும் ஊறுகாய்ச் சாடிக்கு மூடியாக இருக்கிறது” என்றார்.

பையன் ஓடிப்போய் மூடியை எடுத்து வந்தான். துணியால் மெல்லத் துடைத்ததும், நடுவிலிருந்த காகிதத்தில் எஸ். ஜி. கிட்டப்பா என்ற பெயர் தெரிந்தது.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. கிட்டப்பா 1933-இல், 27-ஆவது வயதில் மறைந்தவர். நாடக மேடையை ஆண்ட அந்தக் குரல் நமக்கு இத்தகைய தட்டுகளின் வழியாகத்தான் எட்டியிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் இசைத்தட்டு வியாபாரம் வளர்ந்ததில் இந்தச் சீமைக்கே பெரும் பங்கு உண்டு. காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் படம் பிடிக்கப் புறப்படுமுன் கிராமபோன் தட்டுகளைத்தான் விற்றார். 1932-இல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். அக்காலத்துத் தட்டுக்கு முக்கியச் சரக்கு அரக்கு. நம் நாட்டு மரங்களில் பூச்சிகள் கட்டிய அரக்கு கப்பலேறிப் போய், உலகத்துப் பாட்டையெல்லாம் தன்மேல் எழுதிக்கொண்டது. நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷப் பாட்டு. அவ்வளவுக்குள் ராகத்தின் உயிரைக் காட்டியாக வேண்டும்.

மான்செஸ்டர்க்காரர்களின் தட்டுக்கு மறுபிறவி கிடைத்ததென்றால், மூல நாடாவை யாரோ பத்திரமாய் வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். நமது பழைய பாட்டுகள் பலவற்றுக்கு, வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் தட்டுதான் மூலம். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியை அச்சிட்டது வீடு வீடாக ஏடு தேடியதன் பலன். ஏட்டை ஆற்றில் விட்டவர்களை நாம் இன்று நொந்துகொள்கிறோம். தட்டை எடைக்குப் போட்ட நம்மை நாளை யார் நொந்துகொள்ளப் போகிறார்களோ!

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. நமது காப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான். கிட்டப்பா காலத்துப் பதிவுகளுக்கு அந்தக் கெடு எப்போதோ தீர்ந்துவிட்டது. கல்லலுக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி மனிதராகச் சேர்த்த புத்தகங்கள்தாம் இன்று சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாய் விளங்குகின்றன. ஒருவர் மனம் வைத்ததற்கு அவ்வளவு பலன்!

ஆகையால் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரணில் அரக்குத் தட்டு அகப்பட்டால் எறியாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டாம். அரக்கு அதில் கரைந்துவிடும். தேய்ந்த முள்ளை வைத்துப் பரீட்சை பார்க்கவும் வேண்டாம். தட்டின் நடுவிலுள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

நாம் புறப்படும்போது, பையன் கிட்டப்பாவைப் பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டிருந்தான். ஊறுகாய்ச் சாடிக்கு ஆச்சி ஒரு பீங்கான் தட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.