எச்சிலைத் துப்பினால் ஜாதகம் தெரியுமா?

போன வாரம் பூங்காவில் நடை முடித்து உட்கார்ந்திருந்தபோது நண்பர் தன் செல்போனை நீட்டினார். குழாயில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால், மரபணுவைப் பார்த்து வாய்ப்புற்று வருமா வராதா என்று சொல்லிவிடுவார்களாம்.

"சார், வராதுன்னு ரிசல்ட் வந்துட்டா நிம்மதியா போட்டுக்கலாமே!" என்றார். நாற்பது வருஷமாக வெற்றிலை, சீவல், புகையிலை போடுகிறவர் அவர்.

அப்போது சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே வெற்றிலைச் செல்லத்திலிருந்து பெரியப்பாவும் அப்பாவும் போட்டுக்கொள்வார்கள். பெரியப்பா 88 வயது வரை இருந்தார். அப்பா 61 வயதில் கன்னத்துப் புற்றுநோயில் போய்விட்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே பழக்கம். எனவே, உடலுக்கு உடல் வித்தியாசம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. புகையிலை நஞ்சை உடைத்து வெளியேற்றும் திறன் ஆளுக்கு ஆள் மாறும் என்று விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள். ஆனால் அதை வைத்து "உமக்கு வராது" என்று யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

மார்பகப் புற்றுநோய் கதை வேறு. அதில் சில குடும்பங்களில் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வரும் மரபணுக் கோளாறே பெரிய காரணம். ரத்தப் பரிசோதனையில் தெரியும். வாய்ப்புற்றில் பெரும்பாலும் அப்படி இல்லை. இங்கே மரபணு கெடுவது பிறக்கும்போது அல்ல. நாம் அடக்கி வைக்கும் புகையிலையும் பாக்கும் அந்த இடத்துச் செல்களை வருஷக்கணக்கில் கெடுக்கின்றன. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிக்கை வெளியிட்டது. "நான் சீவல் மட்டும்தான் போடறேன்" என்பவர்கள் கவனிக்க.

மரபணு ஆராய்ச்சியில் உருப்படியான விஷயமும் உண்டு. வாயில் வரும் வெள்ளைத் திட்டுகள் எல்லாமே புற்றாக மாறுவதில்லை. எது மாறும்? கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் திட்டுகளின் செல்களை ஆராய்ந்தார்கள். மூன்றாவது, ஒன்பதாவது குரோமோசோம்களில் சில பகுதிகளை இழந்த திட்டுகள் புற்றாக மாறும் ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அதைப் பார்க்கத் திட்டிலிருந்து துளி சதை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் திட்டு இருப்பதை யாராவது பார்த்திருக்க வேண்டுமே!

அப்பாவின் கன்னத்தில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. எரிகிறது என்றபோது, "சுண்ணாம்பு பட்டிருக்கும்" என்று நாங்களே சொல்லிவிட்டோம். அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது.

வெறும் கண்ணால் பார்ப்பதற்கு என்ன மதிப்பு என்பதைப் பக்கத்துக் கேரளம் நிரூபித்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வெளியானது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில், பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைவு!

ஆகவே நம் வயதுக்காரர்களுக்கு என் யோசனை இதுதான். மாதம் ஒருமுறை பல்செட்டைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். கன்னத்தை இழுத்துப் பாருங்கள். நாக்கின் ஓரங்களையும் அடியையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கட்டி, வாய் முன்போல் திறக்காமை, இவற்றில் எது இருந்தாலும் பல் டாக்டரிடம் போங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்; ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

"வரும்" என்று சொல்லும் டெஸ்டைவிட "வராது" என்று சொல்லும் டெஸ்ட்தான் எனக்குப் பயம்.

நண்பரிடம் அப்பா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். திங்கட்கிழமை பல் டாக்டரிடம் போக என்னோடு வருகிறார். பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.